யாரு வர்றாங்க?

கன்வேயருக்குப் பின்னால் பன்னிரண்டு சென்ட்.
குழாய் பதிக்கத் தோண்டிய கழிமுகச் சேற்றை
புல்லின் தலைமேல் கொட்டிவிட்டுப் போனார்கள்.
அந்தப் புல்லில்தான் முயல்கள் இருந்தன.
எத்தனை என்று எண்ணியதில்லை.
இரவு ஷிப்ட் முடிந்து மணலி நோக்கி மிதிக்கையில்
சாம்பல் லாரியின் வெளிச்சத்தில்
இரண்டு காதுகள் எழும், பிறகு இருக்காது.
எங்களுக்குள் அவ்வளவுதான் பழக்கம்.

ஆடியில் கம்பு தூவினேன். நரிப்பயறும் கொஞ்சம்.
முளைத்தது.
சுண்டுவிரல் உயரம் வந்ததும் நின்றுகொண்டது
சர்வர் போன ரேஷன் கடை வரிசை மாதிரி.
பிடுங்கிப் பார்த்தால்
வேர், எரிந்து முடிந்த திரி.

ஆய்வகத்தில் நான் கான்ட்ராக்ட்.
கழிவுநீரைச் சோதிக்கிற காகிதத்தில் ஒரு கீற்று
டிபன் டப்பா மூடிக்குள் வெளியே வந்தது.
ஒரு கை மண்ணைக் கேன் தண்ணீரில் கலக்கி
தெளியவிட்டு நனைத்தேன்.
ஆரஞ்சு.
நான்கு, கொஞ்சம் தாராளமாகப் பார்த்தால் நாலரை.

தண்ணீருக்கடியில் கிடந்தவரை அது சாதுச் சேறு.
வெளியே இழுத்துக் காற்றில் போட்டதும்
வெளியில் மறந்து வைத்த மாவு போல
புளித்துக்கொண்டே போகிறது,
ஃப்ரிட்ஜில் எடுத்துவைக்க ஆளில்லாமல்.

"ஏழுக்கு நாலுன்னா மூணுதானே கம்மி?"
என்றார் வாட்ச்மேன் அப்பாராவ்.
இல்லை அண்ணா. ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு.
பத்து, அதில் பத்து, அதிலும் பத்து.
"வட்டிக்காரன் கணக்கு," என்றார்.
அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தனகோட்டி கட்சிகளுக்குச் சுவர் பிடிப்பவன்.
கூட்டணி மாறி வேலை நின்றதில்
பதினோரு மூட்டைச் சுண்ணாம்பு
தண்டையார்பேட்டையில் அவன் மாடிப்படிக்கடியில்
இறுகிக் கிடந்தது.
"எந்த வார்டுக்கு?"
முயலுக்கு என்றேன்.
"சின்னம் நல்லாருக்கு," என்று சிரித்து
ஷேர் ஆட்டோவில் அவனே ஏற்றிவிட்டான்.
வாடகை மட்டும் வாங்கிக்கொண்டான், இருபது அதிகமாக.

ஆவணி ஞாயிறு. கட்டிகளைச் சுத்தியலால் உடைத்தோம்,
வாயில் துணி கட்டி, கையில் தேங்காயெண்ணெய் தடவி.
தூவிக்கொண்டிருந்தபோது
சடையங்குப்பம் பக்கமிருந்து வந்த ஏகவல்லி அக்கா
இறால் கூடையை இறக்காமலே கேட்டாள்:
"யாரு வர்றாங்க? மந்திரியா?"
அவள் கேட்டதில் தப்பில்லை.
எங்கள் பக்கத்தில் தரை வெளுத்தால்
ஒன்று, பெரிய மனிதர் வருகிறார்.
இல்லையென்றால் யாருக்கோ காலரா.

மண்ணில் புரட்டிவிட்டுக் காத்திருந்தேன்.
சுண்ணாம்பு மருந்து மாதிரி இல்லை,
சமரசம் மாதிரி.
உள்ளே போய் ஒவ்வொரு துகளோடும்
தனித்தனியாகப் பேச வேண்டும்.
ஐப்பசி மழை அதற்குப் பேச்சுத் தண்ணீர் கொடுத்தது.
நடுவில் இரண்டு முறை
சாம்பல் குழம்பு குழாய் உடைந்து ஓரத்தில் வழிந்தது.
ஒரு முறை ஆடுகள்.
காகிதம் மஞ்சளுக்கு வந்தது.
பச்சைக்கு வரவில்லை.
ஐந்து எண்பது.
ஆறரை இல்லாமல் விதைக்காதே என்று
பாடத்தில் படித்திருந்தேன். விதைத்தேன்.

தையில், கம்பு முழங்காலுக்கு.
பாதி இடத்தில் மட்டும். மீதியில்
மஞ்சள் திட்டு, உப்புப் பொருக்கு,
எனக்கு முகம் கொடுக்காத மண்.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தேன்.
ஓரத்துப் பயறில் ஏழெட்டுத் தண்டு
கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டு.
ஆடு கடித்தால் இழுபட்டு நாராகும்.
இது பல்.
பக்கத்தில் மாத்திரை மாத்திரையாகப் புழுக்கை,
இன்னும் காயாமல்.

அப்பாராவ் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார்.
"வந்துட்டாரா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

தனகோட்டிக்குப் போன் போட்டேன்.
எந்தக் கட்சியானாலும் சரி,
இன்னும் ஆறு மூட்டை வேண்டும்.